நொடிக்கு முப்பது படம்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்த அழைப்பு வந்தபோது ஷிரோமி பதுளை வீட்டுக் குசினியில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பர். எடுத்ததும் ஒரு பெண்குரல், வணக்கம்கூடச் சொல்லாமல், நேரே விஷயத்துக்கு வந்தது.

"மிஸ், கை பாஷையில லைவ் போடுறது நீங்கதானே?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான் ஜெயந்தினி. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். காது கேக்காத ஜெயலெட்சுமி அக்கா இருக்காங்களே, அவங்களுக்குப் பக்கத்து வீட்டுக் காம்பரா. நேத்து நீங்க அவங்கள வீட்டுலயே இருக்கச் சொன்னீங்களாமே. எதுக்கு மிஸ் அப்படிச் சொன்னீங்க?"

ஷிரோமி கத்தியைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை. தம்பி சஜீவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு சண்டை போட்டும் சிரித்தும் வளர்ந்ததில் சைகை மொழி அவளுக்கும் தாய்மொழி மாதிரி ஆகிவிட்டது. மூன்று வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயந்தரம் ஐந்தரைக்கு வீட்டு அறையில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வாரச் செய்தியைக் கையால் சொல்லி வந்தாள். கிளினிக் எந்த நாள், கொடுப்பனவுப் படிவம் எங்கே, பஸ் எந்த ரோட்டில் ஓடாது. பதுளை, வெலிமடை, எல்ல, தெமோதரைத் தோட்டங்களில் சிதறிக் கிடக்கும் காது கேளாதவர்கள் நாற்பத்துமூன்று பேர் அதைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் நாலாம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். நீளமாக எழுதி அனுப்பினால் வாசிக்க முடியாது. கையால் சொன்னால்தான் புரியும்.

மழைக்காலம் தொடங்கியதும் மண்சரிவு எச்சரிக்கையும் அவள் வேலையில் சேர்ந்துகொண்டது. நேற்று அவள் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் வீட்டில் இருக்கவேண்டாம், இருட்டுமுன் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அதைத்தான் சொன்னாள்.

"நான் போகத்தான் சொன்னேன்," என்றாள்.

"இல்ல மிஸ். நாங்க எல்லாம் பையத் தூக்கிட்டு இறங்குறோம், அவங்க மட்டும் வாசல்ல உக்காந்துகிட்டு வரமாட்டேங்குறாங்க. போனக் காட்டுறாங்க, வீட்டக் காட்டுறாங்க, இங்கதான் இருக்கணும்னு கையக் காட்டுறாங்க. நான் இழுத்தேன். தள்ளிவிட்டாங்க. கடைசியில நானும் எங்க வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். வழி முழுக்க அடிச்சுக்கிட்டே வந்தாங்க." ஜெயந்தினி பக்கத்தில் யாரோ பிள்ளையை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "விடிய மண்ணு வந்துருச்சு மிஸ். எங்க லயத்துல தொங்கல்ல இருந்த கடைசி மூணு காம்பராவும் இல்ல. அக்காவோடது அதுல ஒண்ணு."

"அவங்க இப்ப எங்க?"

"பள்ளிக்கூடத்துலதான். பிளேன்டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க."

ஷிரோமி போனைக் காதிலிருந்து எடுத்தாள். குசினித் தரையிலேயே உட்கார்ந்தாள். பிளேன்டீ குடிக்கிறாள், பிளேன்டீ குடிக்கிறாள் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். புருஷன் றோய் ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டபோது அதையே அவனிடமும் சொன்னாள்.

கொஞ்சம் தெளிந்ததும் நேற்றைய லைவின் பதிவைத் திறந்து பார்த்தாள். இதுவரை ஒருநாளும் அவள் தன் பதிவைத் திரும்பிப் பார்த்ததில்லை. சஜீவனும் லைவைப் போனில் பார்ப்பதில்லை. அறைக்குள்ளேயே நின்று நேரில் பார்ப்பவன். 'படம் நிக்குது' என்று இடைக்கிடை சிலர் சொன்னதுண்டு. அவர்களுடைய போன் பழசு, தோட்டத்தில் சிக்னல் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதிவில் அவளுடைய கை 'மேல் லயம்' என்றது. 'வீடு' என்றது. 'இருப்பது' என்றது. அங்கே படம் உறைந்தது. நான்கு விநாடி அவள் கண்ணைப் பாதி மூடியபடி கல்லாக நின்றாள். பிறகு படம் ஒரு தாவு தாவி, அடுத்த வாரக் கிளினிக் பற்றிப் பேசத் தொடங்கியது. 'வேண்டாம்' என்று கை விலகியதும் தலை அசைந்ததும் எங்கேயும் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை.

பத்து மணிக்கு றோயின் த்ரீவீலரில் அவர்கள் தெமோதரைக்குப் புறப்பட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய்களுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் ஜெயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது, கொழுந்து பறிக்கிறவள், திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். ஷிரோமியைக் கண்டதும் எழுந்து, ஈரச் சேலையைச் சரிசெய்தாள்.

ஷிரோமி கைகூப்பினாள். பிறகு நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, போனை எடுத்து அந்த நான்கு விநாடியைக் காட்டினாள். உறைந்த படத்தைத் தொட்டு, இங்கே நான் 'வேண்டாம்' என்று சொன்னேன், அது உங்களிடம் வரவில்லை என்றாள்.

ஜெயலெட்சுமி இரண்டு தடவை பார்த்தாள்.

"நீ நின்னப்ப, யோசிக்கிறியாக்கும்னு நெனச்சேன்," என்றாள் கையால். "நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒவ்வொரு வாரமும் இப்படியா நிக்குது?"

"இப்ப ரெண்டு மாசமா. முந்தி நல்லா ஓடும். இப்ப உன் முகம் பெருசா, சினிமாக்காரி மாதிரி அழகா இருக்கு. ஆனா அடிக்கடி கல்லாயிடுற. நடுவுல போனது போனதுதான். அத நான் எங்க போய்க் கேக்குறது?"

திட்டுகிற முகமாக இல்லை அது. பக்கத்தில் நின்ற ஜெயந்தினியைக் காட்டி, இவளை நான் நேற்று அடித்துவிட்டேன், இவள் தோள் வலிக்கிறதா என்று கேட்டுச் சொல் என்றாள். ஷிரோமி கேட்டாள். "வலிக்கத்தான் செய்யுது," என்றாள் ஜெயந்தினி. "பரவாயில்லன்னு சொல்லுங்க." ஷிரோமி இரண்டையும் சொன்னாள். ஜெயலெட்சுமி ஜெயந்தினியின் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஷிரோமி அந்த 'இரண்டு மாசம்' என்பதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் டவுனில் ஒரு நலன்புரிச் சங்கம் அவளுக்குப் புது கேமரா ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதை மாட்டிய அன்று, லைவ் போடும் மென்பொருளில் எது எது இருக்கிறதோ எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தாள். ஆயிரத்து எண்பது வரிப் படம், நொடிக்கு அறுபது படம், ஆறு மெகாபிட். கை தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சஜீவனைக் கூப்பிட்டுக் கையால் சொன்னாள். "இன்னைக்கு நீதான் ஜெயலெட்சுமி. வெளிய போய் நின்னு, டேட்டாவுல பாரு. உனக்கு மட்டும் தெரியிற மாதிரி லைவ் போடுறேன்."

சஜீவன் டவுனில் தையல் கடை வைத்திருப்பவன். முப்பது வயதுக்கு மிஞ்சிய பொறுமை உண்டு, ஆனால் மழையில் நிற்கப் பிடிக்காது. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடையோடு முற்றத்தில் போய் நின்றான். ஒரு கையில் குடை, தோளுக்கும் தாடைக்கும் நடுவில் குடைக் கம்பு, மறு கையில் போன். பதில் சொல்ல ஒரு கையும் மிஞ்சவில்லை. கடைசியில் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசினான்.

முதலில் அவள் இன்டர்நெட்டின் வேகத்தை அளந்தாள். வழக்கமாக அவள் பார்ப்பது மேலே பெரிதாக வரும் இலக்கத்தை. இருபத்திரண்டு. நல்ல வேகம்தானே என்று இவ்வளவு நாளும் இருந்தாள். அது வீட்டுக்குள் வருகிற வேகம். லைவ் என்பது வீட்டிலிருந்து வெளியே அனுப்புகிற வேலை. அந்த இலக்கம் கீழே சின்னதாக இருந்தது. காலையில் ஐந்து. சாயந்தரம் லைவ் நேரமான ஐந்தரைக்கு சஜீவனை மறுபடி முற்றத்தில் நிறுத்திவிட்டு அளந்தபோது இரண்டு. ஆகவே இரண்டு மெகாபிட் போகிற வழியில் அவள் இரண்டு மாதமாக ஆறைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். மென்பொருளின் அடியில் 'விடுபட்ட படங்கள்' என்று ஓர் எண் சிவப்பில் ஏறிக்கொண்டே இருந்தது. அது அங்கே எப்போதும் இருந்திருக்கும். அவள் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொன்று நடந்தது. இரண்டாக இருந்த வேகம் திடீரென்று அரைக்கும் கீழே விழுந்தது. முற்றத்தில் சஜீவன் கையை ஆட்டி, நின்றுவிட்டாய் என்றான். பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பினான். றோய் அப்போதுதான் த்ரீவீலரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்திருந்தான்.

சஜீவன் குடையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். "அத்தான் வந்தார், நீ கல்லானே," என்றான் அக்காவிடம். "வெளிய போகச் சொல்லிப் பாரு."

"என்னவாம் இவனுக்கு?" என்றான் றோய்.

"உங்க போனக் கொண்டாங்க."

றோய் எல்லவுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிறவன். பாலத்தில் ரயில் போவதை, மூடுபனியை, வெள்ளைக்காரப் பிள்ளைகள் கொத்துரொட்டி சாப்பிடுவதை எல்லாம் வீடியோ எடுத்து வைப்பான். அவன் வீட்டு வைஃபைக்குள் கால் வைத்ததும், பகல் முழுவதும் எடுத்ததைப் போன் தானாகவே கூகுளுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். தினமும் ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில். வெள்ளிக்கிழமையும்தான்.

"நான் ஒண்ணும் செய்யலயே. அதுவா போகுது," என்றான் றோய்.

"அதுவாத்தான் போகுது. அதுதான் வினை."

அவன் முகம் விழுந்துவிட்டது. மண் மூடிய ஜெயலெட்சுமியின் லயத்தை முந்தின நாள் அவனும் பார்த்தவன். அந்த வசதியை நிறுத்தினான். பிறகு போனைத் தூக்கிக் காட்டி, "இனிமே நான் சொன்னாத்தான் போகும்," என்றான்.

வேகம் மறுபடி இரண்டுக்கு வந்தது. ஷிரோமி ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயரை நேராக இழுத்து மாட்டினாள். இனி இரண்டுக்குள் என்ன அனுப்பலாம் என்று பார்க்க வேண்டும். இரண்டு இருக்கிறது என்பதற்காக இரண்டையும் அனுப்பக்கூடாது, மழை பெய்தால் இன்னும் இறங்கும். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவைப்போம் என்று முடிவெடுத்தாள். ஒரு மெகாபிட். அந்த ஒன்றை எதில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் படத்தைப் பெரிதாக வைத்து, நொடிக்குப் பதினைந்து படமாகக் குறைத்தாள். பேசுகிற ஆளுக்கு அது போதுமாம், இணையத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

சஜீவன் ஜன்னலுக்கு வெளியே உதட்டைப் பிதுக்கினான். "முகம் நல்லா இருக்கு. கை இல்ல. இங்க இருக்கு, அடுத்த தடவ அங்க இருக்கு. நடுவுல நீ என்ன சொன்னியோ, யாருக்குத் தெரியும்?"

அவள் படங்களை முப்பதாக்கி, படத்தின் அளவை மிகச் சின்னதாக்கினாள். இப்போது கை வழுக்கிக்கொண்டு போனது, ஒரு தடையும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயரை விரலால் எழுத்துக்கூட்டியபோது சஜீவன் சிரித்தான். "அஞ்சு விரலும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. வெலிமடையா, கஞ்சிப் பானையா?"

இரண்டுக்கும் நடுவில் நானூற்று எண்பது வரிப் படம், நொடிக்கு முப்பது. படத்தில் மாறியதை மட்டுமே அனுப்பிக்கொண்டிருக்கும் மென்பொருள், முழுப்படத்தையும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை அனுப்பும்படி மாற்றினாள். எங்காவது அறுந்தாலும் இரண்டு விநாடியில் திரும்ப ஒட்டிக்கொள்ளும். சத்தத்தை முழுக்க எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ஜெயந்தினியை நினைத்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பராக்காரிக்கும் கேட்க வேண்டும். கேட்டிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. சத்தத்துக்கு மிகக் கொஞ்சம் ஒதுக்கி, இனிமேல் வாயாலும் சேர்த்துச் சொல்வது என்று வைத்துக்கொண்டாள்.

சஜீவன் நீண்ட நேரம் பார்த்தான். விரல் தெரிகிறது, ஆனால் ஓரம் கலங்குகிறது என்றான். உள்ளே வந்து, அவளுக்குப் பின்னால் தொங்கிய பூப்போட்ட திரைச்சீலையைக் கழற்றி எறிந்தான். காற்றில் அது ஆட ஆட, ஒவ்வொரு பூவையும் இலையையும் அனுப்புவதில் பாதி டேட்டா போய்க்கொண்டிருந்தது. கடையிலிருந்து கருநீலத் துணி நாலு கஜம் கொண்டுவந்து சுவரில் ஆணி அடித்து இழுத்துக் கட்டினான். புள்ளிச் சட்டை வேண்டாம், சாம்பல் சட்டை போடு என்றான். மேசை விளக்கை முகத்திலிருந்து கைக்குத் திருப்பி வைத்தான். வெளிச்சம் குறைந்தால் கேமரா மெதுவாகிறது, கை புகையாகிறது என்பதை அவனே கண்டுபிடித்தான்.

மறுபடி முற்றத்துக்குப் போனான். ஷிரோமி ஒரு பெரிய வசனம் சொன்னாள். அவன் ஒரு சொல் விடாமல் அதைத் திருப்பிச் சொன்னான். இன்னொன்று. அதையும் சொன்னான். வேகமாக, கோபமாக, சின்னவயதில் சொல்கிற ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்துச் சொன்னாள். அவன் அதையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, குடைக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விடுபட்ட படங்கள் பூச்சியம் என்று கீழே எழுதியிருந்தது.

புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மறுபடி மண்சரிவுக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஷிரோமி மருந்துக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். றோய் தன் போனையே அணைத்து அலமாரிக்குள் வைத்தான். வேகத்தை அளந்தாள். ஒன்றரை. அளவை எழுநூறு கிலோபிட்டுக்கு இறக்கிவிட்டு, எல்லாருடைய போனுக்கும் நேரத்தைச் சொல்லி அனுப்பி, மூன்று மணிக்கு லைவைத் தொடங்கினாள்.

சொல்கிற விதத்தையும் அவள் மாற்றியிருந்தாள். 'வீட்டில் இருக்கவேண்டாம்' என்ற வசனமே அவளிடம் இப்போது இல்லை. 'வீட்டை விட்டுப் போங்கள்' என்றாள். எந்த இடத்தில் அறுந்தாலும் அது 'இருங்கள்' என்று ஆகாது. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் சொன்னாள். வெளியே மழை தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில், படம் தடையில்லாமல் போவதைக் காட்டும் மென்பொருளின் பச்சை விளக்கு மஞ்சளானது. அவள் கை நிற்கவில்லை. ஐந்தாறு விநாடியில் விளக்கு பச்சைக்குத் திரும்பியது. வாசலில் போனோடு நின்ற சஜீவன் கட்டைவிரலை உயர்த்தினான்.

முடிவில் அவள் சொன்னாள். "பாத்துட்டுச் சும்மா போகாதீங்க. நான் என்ன சொன்னேன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க. சின்ன வீடியோ போதும். எல்லாரும் அனுப்பணும்."

முதலில் வந்தது ஜெயலெட்சுமியுடையது. அவள் இப்போது தோட்டத்தின் இன்னொரு டிவிஷனில் தன் அக்காவின் லயத்தில் இருந்தாள், அங்கேயும் எச்சரிக்கை. பை ஏற்கனவே தோளில். வீட்டை விட்டுப் போகிறேன், பள்ளிக்கூடம், அடையாள அட்டை, மருந்து, அக்காவின் கோழி என்றாள். கோழியை ஷிரோமி சொல்லவில்லை. பரவாயில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சஜீவன் பட்டியலை வைத்துக்கொண்டு பெயரை அடித்துக்கொண்டே வந்தான். நாலு மணிக்கு முப்பத்தெட்டு. நாலரைக்கு நாற்பத்திரண்டு. வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் லூக்காஸ் என்ற கிழவர் மட்டும் அனுப்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்ததாகக் காட்டியது. பிறகு ஆளைக் காணோம். ஷிரோமி வீடியோ கோல் எடுத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை எடுத்தாள். தான் ஏதாவது விட்டுவிட்டேனா என்று பதிவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு விநாடியும் அறுந்திருக்கவில்லை. கை முழுசாக இருந்தது, 'போங்கள்' இரண்டு தடவையும் இருந்தது. 

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் லூக்காஸின் வீடியோ வந்தது. ஏதோ ஒரு கட்டடத்துத் தாழ்வாரம். பின்னால் ஆட்கள், மூட்டைகள். அவர் போனை யாரிடமோ கொடுத்துவிட்டு, சேறு அப்பிய இரண்டு கையாலும் நிதானமாகச் சொன்னார். நீ சொன்ன உடனே புறப்பட்டுவிட்டேன், பதில் சொல்ல நின்றால் பஸ் போய்விடும், அதனால் முதலில் பஸ்ஸில் ஏறினேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். லீக்ஸ் கொஞ்சம் பிடுங்கி வந்திருக்கிறேன், அதைச் சமைக்கப்போகிறார்கள்.

சஜீவன் கடைசிப் பெயரை அடித்தான்.

ஷிரோமி நாற்காலியில் சாய்ந்து கைகளை மடியில் போட்டாள். விரல்கள் எல்லாம் வலித்தன. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. றோய் குசினியிலிருந்து சோறும் பருப்பும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்தான்.

"என் போன இப்ப எடுக்கலாமா?" என்று கேட்டான்.

"எடுங்க," என்றாள் அவள், வாய் நிறையச் சோற்றோடு. "பாலத்து வீடியோவெல்லாம் அனுப்பிக்கோங்க. இன்னைக்கு எனக்கு வேலை முடிஞ்சுது."